ரேயால் பெயரில் ஓர் இணைப்பு

எங்கள் சான்-லூசியனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ஜிசேல் தூபே. ஆற்றுக்கு அந்தக் கரை கனடா, இந்தக் கரை நாங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடக்கு முனை. நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டபின் சமையலறையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, அடுப்போரம் நின்றபடியே ஒரு காபி குடித்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். அதனால் நான் சொல்லப்போவது எல்லாம் அன்றன்றைக்கு அவள் வாயாலேயே கேட்டது. மிச்சத்துக்கு நானே பக்கத்தில் இருந்தேன்.

ஜிசேல் பொறுமைசாலி. பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, பனி உறைந்த மலைச்சாலையில் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கண் கண்ணாடியிலுமாக ஓட்டுகிறவள். அவள் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்த வருஷம் கேட்டேன்.

அவள் கணவர் ரேயால் காகித ஆலையில் வேலை பார்த்தவர். அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு வசந்தகாலத்தில், இதயம் நின்று இறந்துபோனார். அவருடைய தம்பி லியோனல், என்னோடும் ஜிசேலோடும் ஒரே வகுப்பில் படித்தவன். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய் பாய்லர் பழுதுபார்க்க அவனை விட்டால் ஆள் இல்லை. ஜிசேலின் வீட்டுக்கு அடித்தளத்தில் இருந்த பாய்லரை ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவன்தான் ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த செப்டம்பரில் அதன் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். இனி ஒட்டுப்போட இடமில்லை, இந்தக் குளிர்காலம் தாங்கினாலே பெரிசு என்றான்.

புது பாய்லர் வாங்குவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பேருந்தின் ரேடியோவில் அந்த அறிவிப்பைக் கேட்டாள். எண்ணெயை விட்டுவிட்டு, மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் வைக்கிறவர்களுக்கு மாநில அரசு ஒரு பங்கு தரும், மின்கம்பெனி ஒரு பங்கு தரும். வருமானம் குறைந்தவர்கள் கையிலிருந்து போட வேண்டியது கொஞ்சம்தான். பேருந்து ஓட்டுகிற விதவையை விட வருமானம் குறைந்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. மறுநாள் காபி குடிக்கும்போதே என் சமையலறையிலிருந்து அந்தச் சலுகை அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

பேசியவர்கள் இனிமையாகத்தான் பேசினார்கள். எல்லாருக்கும் தரலாம், ஒரே ஒரு நிபந்தனை, எங்கள் பட்டியலில் இருக்கிற ஆளை வைத்துத்தான் பொருத்த வேண்டும் என்றார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆள் காட்டைத் தாண்டி நாலு மணி நேரம் தெற்கே இருந்தார். அவருக்குப் போட்டால், உங்கள் ஊரில் பத்து வீடு சேர்த்துக் கொடுங்கள், வருகிறேன் என்றார். அடுத்தவர் வருகிற ஜூனில் பார்க்கலாம் என்றார். மூன்றாவது ஆளிடம் எங்கள் ஊரின் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னதும், மன்னிக்கணும், நாங்கள் கனடாவுக்கு வேலைக்குப் போவதில்லை என்று வைத்துவிட்டார்.

ஜிசேல் போனைக் கீழே வைத்தாள்.

"லியோனலைச் சேர்த்துட வேண்டியதுதான்," என்றாள்.

"எதுல?"

"அந்தப் பட்டியல்ல."

நான் சிரித்துவிட்டேன். லியோனலுக்கு ஹீட் பம்ப் என்றாலே ஆகாது. அது அவன் பிழைப்பில் மண் போடுகிற சாமான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னையும் லியோனலையும் சாப்பிடக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் கருங்கோதுமை மாவில் ஊற்றுகிற பிளோய், தோசை மாதிரி ஒரு பக்கம் மட்டும் வேகிறது, அதைத் தட்டு தட்டாக அவன் முன்னால் வைத்தாள். கோழிக்குழம்பு வைத்தாள். அவன் நன்றாகச் சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"வெளியில பூஜ்யத்துக்குக் கீழ முப்பது டிகிரி குளிரு. அந்தக் குளிருக்குள்ளேருந்து சூட்டை உறிஞ்சி உள்ள கொண்டாந்து விடுமாம்," என்றான் லியோனல். "ஏன், அப்படியே ரெண்டு மீனும் பிடிச்சுத் தராதாமா?"

"உனக்குப் புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. கிண்டல் எதுக்கு?"

"எனக்கா புரியல? ஃபிரிட்ஜைத் திருப்பி வச்சா அதுதான். இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப பரீட்சை எழுது. புரிஞ்சவனுக்கு என்ன பயம்?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மூன்று நாள் கழித்து, பள்ளிக்கூட கம்ப்யூட்டர் அறை மாலையில் திறந்திருக்குமா என்று என்னிடம் வந்து கேட்டான். ஜிசேலிடம் சொல்லாதே என்றும் சொன்னான்.

பாடம் முழுக்க கம்ப்யூட்டரில். கடைசியில் பரீட்சை. முதல் தடவை பாதியில் காற்றடித்து இன்டர்நெட் போய்விட்டது. எழுதினதெல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. இரண்டாம் தடவை நேரம் முடிந்து தானாகவே மூடிக்கொண்டது. ஒவ்வொரு கேள்வியோடும் அவன் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். "இந்தக் கேள்வியை எழுதினவன் ஒரு தடவையாவது இங்க வந்து குளிர்ல நின்னிருப்பானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான். நான் வெங்காயம் நறுக்குவதை விட்டுவிட்டு வந்து, பேசாமல் பதிலை மட்டும் அமுக்கு என்று அதட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் தடவை தேறினான். அவர்கள் ஒரு தொப்பி அனுப்பினார்கள். அதை வண்டியின் பின் சீட்டில் வீசிவிட்டதாகச் சொன்னான். அடுத்த வாரமே தலையில் இருந்தது.

நவம்பரில், பெரிய பனி விழுவதற்கு முன், வேலை முடிந்தது. வீட்டுக்கு வெளியே உயரமான இரும்பு ஸ்டாண்டில் ஏசி யூனிட் மாதிரி இரண்டு பெட்டி. உள்ளே அறைக்கு அறை சுவரில் ஒன்று. முதல் கடுங்குளிர் வந்த காலையில் ஜிசேல் காபிக்கு வந்தபோது முகமே வேறாக இருந்தது. எழுந்து தரையில் கால் வைத்தேன், சில்லென்று இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். லியோனல் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்க்கொண்டிருந்தான். மறந்துவிட்ட ஸ்பேனரைத் தேடுகிறவன் போல நுழைந்து, சுவர்ப் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவான்.

எல்லாத் தாளும் சேர்த்து விண்ணப்பம் போட்டாள். டிசம்பர் நடுவில் பதில் வந்தது. நிராகரிப்பு. வீட்டு உரிமையாளரின் பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லையாம்.

வீடு ஜிசேல் பெயரில். மின் இணைப்பு ரேயால் பெயரில்.

ரேயால் போன பிறகு அவள் வண்டியை மாற்றினாள், வங்கிக் கணக்கை மாற்றினாள், சர்ச்சில் காணிக்கைக் கவரில் அடிக்கிற பெயரைக்கூட மாற்றச் சொன்னார்கள், மாற்றினாள். இது ஒன்றை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் அவங்க கேட்டாங்க, மாத்தினேன். இதை யாரும் கேக்கல." காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "மாசா மாசம் அவர் பேருக்கு ஒரு தபால் வந்துட்டிருந்துது. வரட்டுமேன்னு விட்டுட்டேன்."

மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

மின்கம்பெனிக்குப் போன் போட்டாள். பெயர் மாற்ற வேண்டுமானால் கணக்குக்காரரே பேச வேண்டும் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்றாள். வருத்தம் தெரிவித்தார்கள். இறப்புச் சான்றிதழும், சொத்தை நிர்வகிக்க கோர்ட் கொடுத்த தாளும் வேண்டும் என்றார்கள். கோர்ட்டுக்கே போகவில்லை, வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது, அப்படியே தனக்கு வந்துவிட்டது என்றாள். அப்படியானால் கோர்ட்டுக்குப் போய் அந்தத் தாளை வாங்கி வரச் சொன்னார்கள். கோர்ட் குமாஸ்தாவைக் கேட்டால், பங்கு பிரிக்க ஒன்றுமில்லாதபோது எதற்கு அம்மா வழக்கு, அப்படி ஒரு தாளே கிடையாது என்றார். அதை மறுபடி மின்கம்பெனிக்குச் சொன்னாள். இந்தத் தடவை எடுத்தது வேறு ஆள். முதலிலிருந்து கேட்டார், முதலிலிருந்து வருத்தம் தெரிவித்தார்.

சலுகை அலுவலகமோ, இணைப்பு விஷயம் எங்களுடையது இல்லை, மின்கம்பெனியைக் கேளுங்கள் என்றது. மின்கம்பெனி, சலுகை விஷயம் எங்களுடையது இல்லை என்றது. நடுவில் அவள் என் சமையலறையில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டபடி நின்றாள். பாட்டு நடுவில் ஒரு குரல் வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும். ஒருநாள் அந்தக் குரலிடம் அவள், "பொய் சொல்லாதே" என்றாள். சத்தமாக. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எங்கள் சமையலறைப் பெண்கள் இரண்டு பேரும் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு தடவையும், "என் கணவர் இறந்துட்டார்" என்று புதிதாக ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ரேயாலைப் புதைத்த வாரத்தில்கூட நான் இத்தனை தடவை அதைச் சொல்லவில்லை என்றாள்.

அப்படிப் பேசியவர்களில் ஒரு பையன், உதவுகிற எண்ணத்தில்தான், உங்கள் கணவர் ஒரு போன் போட்டு உங்களைச் சேர்க்கச் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை என்று சொல்லித் தொலைத்தான். அப்போதுதான் அவர் இறந்த கதையை அவனிடம் சொல்லியிருந்தாள். அன்று காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். அதை லியோனலிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு பனிப்புயல் நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் ஜிசேல் வீட்டுக்கு நடந்தே போயிருந்தேன். அவள் அடுப்பில் பிளோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். லியோனல் பனியை உதறிக்கொண்டு வந்தான், மேஜையில் உட்கார்ந்தான், மின்கட்டணச் சீட்டை முன்னால் எடுத்து வைத்துக்கொண்டான், தன் போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அமுக்கினான். இன்னும் ஒரு தடவை அவர்களோடு மோதிப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தோம்.

ஒரு பெண் எடுத்து, யார் பேசுவது என்று கேட்டாள்.

"ரேயால் தூபே பேசறேன்," என்றான் லியோனல்.

சாதாரணமாக அவன் கரகரவென்று, மூச்சுக்கு மூச்சு கிண்டலோடு பேசுகிறவன். அன்றைக்குக் கொஞ்சம் தணித்து, நிதானமாக, மரியாதைப்பட்ட ஆள் மாதிரி பேசினான். ரேயால் அப்படித்தான் பேசுவார். அந்தச் சமையலறையில் அப்படியே அவர் குரல். ஜிசேல் கரண்டியைப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்து நின்றாள். திரும்பவில்லை. கல்லில் இருந்தது கருகி வாசம் வந்தது.

அந்தப் பெண் பிறந்த தேதி கேட்டாள். சொன்னான். கணக்கு எண் கேட்டாள். சீட்டைப் பார்த்துச் சொன்னான். நல்ல பெண், கலகலப்பாகப் பேசினாள். இவ்வளவு வருஷமாக எங்களோடு இருக்கிறீர்கள், ஒரு தடவைகூடத் தவணை தவறியதில்லை, உங்களைப் போன்றவர்கள் அபூர்வம் என்றாள். "நன்றிம்மா," என்றான் லியோனல், அதே குரலில். மனைவியின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றான். அதற்கென்ன, செய்துவிடலாம், மனைவி பக்கத்தில் இருந்தால் அவர் வாயால் ஒரு சம்மதம் மட்டும் வேண்டும் என்றாள்.

லியோனல் போனை ஜிசேல் பக்கம் நீட்டினான். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கினாள்.

"இவர் ரேயால் இல்லம்மா," என்றாள். "ரேயாலோட தம்பி. ரேயால் செத்து மூணு வருஷமாச்சு. இதை உங்க ஆளுங்ககிட்ட எத்தனை தடவை சொல்லிட்டேன்னு எனக்கே தெரியல. யாராவது ஒருத்தர் அங்க எழுதி வச்சுக்கக் கூடாதா?"

அந்தப் பெண் தணிந்த குரலில், மேலதிகாரியிடம் தர வேண்டியிருக்கிறது என்றாள். பாட்டு வந்தது. ஜிசேல் போனை மேஜையில் வைத்தாள்.

"ஒரு 'ஆமா' சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றான் லியோனல். அவனுடைய பழைய குரல் திரும்பியிருந்தது. "ஒரே ஒரு 'ஆமா'."

"யாருக்கு 'ஆமா' சொல்லச் சொல்றே?"

"உனக்காகத்தானே செஞ்சேன்."

"என்னைக் கேட்டியா? இந்த வீட்டுல, என் அடுப்பு முன்னால, அவர் குரல்ல பேசறதுக்கு முன்னால ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள், "வெளிய போ லியோனல்," என்றாள். அவன் தொப்பியைக்கூட எடுக்காமல் பனிக்குள் போனான். நான் கருகினதைச் சுரண்டிக் குப்பையில் போட்டேன். அவள் மேஜையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலதிகாரி வந்தார். ஆள்மாறாட்டம் நடந்த கணக்கை அப்படியே விட முடியாதாம். அன்று மதியத்துக்குள் ரேயாலின் கணக்கை மூடினார்கள். வீட்டில் விளக்கு அணையக் கூடாது என்பதால் அன்றைக்கே ஜிசேல் பெயரில் புதுக் கணக்கு திறந்தார்கள். கோர்ட் தாள் கேட்கவில்லை, இறப்புச் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை. வாரக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது ஒரு மதியத்தில் நடந்தது. அவளுக்கு அதில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சந்தோஷப்படலாம் என்று நான்தான் சொன்னேன். என் வாய்.

விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டாள். மாநில அரசின் பங்கு வந்துவிட்டது. அதை மறைக்கக் கூடாது. மின்கம்பெனியின் பங்கு வரவில்லை. ஹீட் பம்ப் பொருத்தியது நவம்பரில். அவள் அவர்களுடைய வாடிக்கையாளர் ஆனது ஜனவரியில். வாடிக்கையாளர் அல்லாதவர் பொருத்தியதற்கு அவர்கள் எப்படிப் பணம் தர முடியும்?

"அப்ப நவம்பர்ல அந்த வீட்டுக்கு யார் பணம் கட்டினது?" என்று கேட்டாளாம்.

ரேயால் தூபே என்றார்களாம்.

மேல்முறையீடு செய்தாள். அதற்கு ஒருநாள் போனில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள். விதியில் விலக்கு கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். யாருக்கு இருக்கிறது என்று கேட்டாள். அது அவர்களுக்குத் தெரியவில்லை. மிச்சப் பணத்துக்கு ஊர்க் கடன் சங்கத்தில் கடன் வாங்கினாள். இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளி மூடும்போது எப்போதும் அவள் ஓய்வெடுப்பாள். அந்த வருஷம் தோட்டத்து லாரி ஓட்ட ஒத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் லியோனல் பள்ளத்தாக்கிலேயே பெரிய புள்ளியாகிவிட்டான். இந்தப் பக்கத்தில் பட்டியலில் இருக்கிற ஒரே ஆள் அவன்தான். ஆற்றோரம் வீட்டுக்கு வீடு அவனைக் கூப்பிட்டார்கள். ஜிசேல் வீட்டுத் தெருவைத் தவிர எல்லாத் தெருவிலும் அவன் வண்டி நின்றது. கடையில் அவளைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவான். அவளும் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் கூரையிலிருந்து சரிந்த பனி வெளிப்பெட்டிகளை மூடிக்கொண்டபோது, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தானே போய்த் தள்ளினாள். தள்ளத் தள்ள மறுபடி சரிந்தது. அன்றைக்கு அவள் பேருந்துக்குத் தாமதமாக வந்தாள். அதுவும் அதற்கு முன் நடந்ததில்லை.

இதை நான் லியோனலிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை, கேட்காமல் கொள்ளாமல், தகரத்தில் சரிவாக அடித்த இரண்டு சிறு கூரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளிப்பெட்டிகளுக்கு மேலே பொருத்திக்கொண்டிருந்தான். ஜிசேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைத்தேன்.

"யாரு உன்னை வரச் சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லல."

அவன் இரண்டு திருகை முறுக்கினான். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னான்.

"நான் அதை யோசிக்கல, ஜிசேல். அந்தப் பொண்ணை ஏமாத்தணும்னுதான் பார்த்தேன். நீ பக்கத்துல நிக்கறதே எனக்குத் தோணல."

"தெரியும்."

"அந்தக் குரல் என்கிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. சும்மா, அவன் எப்படிப் பேசுவான்னு நினைச்சுக்கிட்டுப் பேசினேன். வந்துடுச்சு. வீட்டுக்குப் போனப்புறம் எனக்கே தாங்கல."

ஜிசேல் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவ இன்னொரு கேள்வி கேக்கணும்னு நினைச்சேன் லியோனல். அந்தப் பொண்ணு. அதுதான் எனக்குக் கோவம். நீ நிறுத்தாம இன்னும் கொஞ்சம் பேசணும்னு இருந்துது."

அவன் திருகை முறுக்குவதை நிறுத்தினான். பிறகு, ஏணியைப் பிடி, மேல் திருகு எட்டவில்லை என்றான். அவள் பிடித்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூனில் சலுகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி காரில் வந்தாள். வடக்கு முனையில் வீடு முழுக்க ஹீட் பம்பில் குளிர்காலத்தைத் தாண்டிய முதல் சில வீடுகளில் ஜிசேலின் வீடும் ஒன்று. அவள் அந்தப் பெட்டி பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, விளம்பரத் தாளில் போட வேண்டுமாம். குளிர்காலம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது, கதகதப்பாக இருந்தது, எண்ணெய் வண்டி ஒரு தடவைகூட வரவில்லை என்றாள் ஜிசேல். அந்தப் பெண்மணிக்கு முகம் மலர்ந்தது.

"படம் எடுத்துக்குங்க," என்றாள் ஜிசேல். "ஆனா என் பேரைப் போட்டா நடந்ததையும் முழுசாப் போடணும்."

அவளை உட்கார வைத்து, பிளோய் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பட்டியல், பரீட்சை, கோர்ட், பாட்டு, ஜனவரி, நவம்பர். கோபப்படாமல், ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இரண்டு தடவை தலையில் கை வைத்துக்கொண்டாள். கண்டிப்பாக மேலே சொல்கிறேன் என்றாள். சொல்லியிருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன். போன வருஷம் என் தங்கை விண்ணப்பித்தபோதும் விதி அப்படியேதான் இருந்தது.

விளம்பரத் தாள் செப்டம்பரில் வந்தது. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். ஒரு வயதான தம்பதி, பச்சைப் புல்வெளி, பூந்தொட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெட்டி. முதல் பனியிலேயே அது புதைந்துவிடும்.

ஜிசேல் காபியோடு வந்து நின்று அதைப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனாள்.